என் மகன் போட மறுத்த கையெழுத்து

1

எனக்கு எழுபத்தஞ்சு வயசு. பெத்தது நாலு, வளர்த்தது அஞ்சு. அஞ்சாவது என் நாத்தனார் பிள்ளை. அதையும் என் பிள்ளைன்னுதான் எழுதணும், இல்லாட்டி கோவிச்சுக்கும். பூண்டுலோயாவுக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டம். அங்க மேல் பிரிவில, மேக்கணக்கு லயத்து வரிசை வீட்டில இருந்துக்கிட்டு முப்பத்தொம்பது வருஷம் கொழுந்து பறிச்சேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில மூணாம் வகுப்பு வரைக்கும் படிச்சேன். எங்க லயத்தில அப்ப அவ்வளவு தூரம் படிச்ச பொம்பளப் பிள்ளை நான் ஒருத்திதான். அதை இப்பவும் சொல்லிக்குவேன்.

நம்ம தோட்டத்துப் பிள்ளைங்க திருவிழாவுக்கு மலர்ப் புத்தகம் போடுறாங்களாம். "பெரியம்மா, அமெரிக்காவில எப்பிடி இருக்கீங்கன்னு எழுதி அனுப்புங்க, பனியைப் பத்தி எழுதுங்க"ன்னு போன வருஷமே போன்ல கேட்டாங்க. பனியைப் பத்தி ஒரு வரி எழுதுறேன். தை மாசம் நுவரெலியாவில புல்லு மேல வெள்ளையா விழுமே, அதேதான். அங்க வெயில் வந்தா போயிரும், இங்க பங்குனி வரைக்கும் போறதில்லை. அவ்வளவுதான் பனி.

மிச்சத்தை எழுதச் சொன்னது என் கடைசி மகன் பாலன். அவன் இந்த நாட்டு ஜெயில்ல இருக்கான். ஊருல பாதிப் பேருக்கு அது தெரியும். தெரிஞ்சுக்கிட்டே போன்ல, "பாலன் நல்லா இருக்கானா"ன்னு கேப்பாங்க. "இருக்கான்"னு சொல்லுவேன். அவங்களும் மேல கேக்க மாட்டாங்க, நானும் சொல்ல மாட்டேன். இப்ப நானே சொல்றேன்.

2

பாலன் நுவரெலியாவில ஒரு ஹோட்டல் குசினியில சமையல் வேலை செஞ்சவன். விசா லொத்தர்க் குலுக்கல்ல பேரு விழுந்து இங்க வந்தான். ஒரு பெட்ரோல் ஷெட்டுக் கடையில நின்னான். பொண்டாட்டி சாந்தியைக் கூப்பிட்டான், ஒரு பொம்பளப் பிள்ளை பொறந்துச்சு, கடைசியில என்னைக் கூப்பிட்டான். ஒரு நாள் வேலை முடிஞ்சு கூட்டாளிங்களோட குடிச்சிட்டுக் காரை ஓட்டினான். சைக்கிள்ல வந்த ஒருத்தரை அடிச்சிட்டான். அவர் செத்துப் போயிட்டார். அவர் பேரு எனக்குத் தெரியும், இதில எழுதல. அவங்க வீட்டுத் துக்கத்தை எடுத்து நான் மலர்ல போடக் கூடாது. என் மகன் செஞ்சது தப்பு. ஏழு வருஷம் போட்டாங்க, மூணு முடிஞ்சிருக்கு. அதைக் குறைக்கச் சொல்லி நான் யார்கிட்டயும் கேக்கல.

நான் சொல்ல வந்த கேஸ் வேற. பாலனுக்கு சீனி வியாதி. ஜெயில்ல குடுத்த சப்பாத்து உரசி இடது கால் விரல்ல புண்ணு வந்திருக்கு. அங்க தினமும் காலையில எல்லாரையும் நிறுத்தி ஆளை எண்ணுவாங்க, நம்ம பெரட்டு மாதிரி. அந்த நேரத்தில காவல்காரர்கிட்ட, "என் கால் புண்ணு ஆறல, டாக்டர்கிட்ட அனுப்புங்க"ன்னு சொல்லியிருக்கான். ரெண்டு பேரைப் பக்கத்தில சாட்சிக்கு நிறுத்தி வச்சுத்தான் சொல்லியிருக்கான். பதினாறு நாள் சொல்லியிருக்கான்.

அது நம்ம ஊரு வழக்கம், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆபிஸ் ஜன்னலுக்கு வெளியில நின்னு தொரைகிட்ட குறை சொல்றப்ப, தனியா போவோமா? பின்னால ரெண்டு பேர் வேணும். மூணு பேர் காதில விழுந்துட்டா அது சொன்னதுதான். தொரை மறந்தாலும் மூணு பேரும் மறக்க மாட்டோம்.

இங்க அது செல்லாது. ஜெயில்ல ஒரு குறைன்னா அவங்க குடுக்கிற தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, இத்தனை நாளைக்குள்ள குடுக்கணும். அதுக்கு அவங்க பதில் சொல்லணும். பதில் பிடிக்கலைன்னா இன்னொரு தாள். அதெல்லாம் முடிச்சிட்டுத்தான் கோர்ட்டுக்குப் போகலாம். ஒரு காவல்காரர் நல்ல மனுசன்தான் போல. பாலன் சொன்னதை அவரே அந்தத் தாள்ல எழுதிக் கொண்டாந்து, "இதில போடு"ன்னு பேனாவை நீட்டியிருக்கார். பாலனுக்குக் காய்ச்சல். தாளைப் படிக்க முடியல. அவனுக்குத் தெரிஞ்சது கடை இங்கிலீஷ்தான், ஆபிஸ் இங்கிலீஷ் இல்லை. தாளைத் தள்ளி விட்டுட்டான்.

நாலு நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் ரெண்டு விரலை எடுத்தாங்க.

அவன் அறையில ஒரு வயசான ஆளு இருந்தார். ஜெயில்லயே சட்டம் படிச்சவராம். "வியாதிக்கு மருந்து குடுக்கணும்கிறது கைதிக்கும் உள்ள உரிமை, கேஸ் போடு"ன்னு சொல்லி அவரே எழுதிக் குடுத்தார். மூணு நாள் உக்காந்து வரி வரியா படிச்சுக் காட்டினார். அதுக்கு அப்புறம்தான் பாலன் அதில கையெழுத்துப் போட்டான். அந்த ஆளை இப்ப வேற ஜெயிலுக்கு மாத்திட்டாங்க. போறப்ப ஒரு லோ காலேஜுக்குக் கடுதாசி போட்டுட்டுப் போனார். அதனால ஒரு லோயர் பொண்ணு எங்களுக்குக் கிடைச்சுது. நல்ல பொண்ணு, வேகமாப் பேசும்.

ஒரு வருஷம் கழிச்சு ஜட்ஜ் கேஸைத் தள்ளிட்டார். விரல் போனது நெசமா பொய்யான்னு அவர் பார்க்கவே இல்லை. "உள்ள இருக்கிற வழியை முடிக்காம வெளியில வந்திருக்கார், தாள்ல கையெழுத்து இல்லை"ன்னு எழுதிட்டார். தீர்ப்பு வந்ததில இருந்து முப்பது நாளைக்குள்ள மேல் கோர்ட்டுக்குப் போகலாம்.

முப்பது நாள்.

3

இனி என் தப்பு.

வீட்டில பகல்ல நான் மட்டும்தான். சாந்தி ஆஸ்பத்திரி லோண்டரியில வேலை, பேத்தி ஷாலினி பள்ளிக்கூடம். அவளுக்குப் பதினஞ்சு வயசு. ஒரு நாள் மத்தியானம் பெல் அடிச்சுது. தபால்காரப் பொம்பள. ஒரு பெரிய கவரை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில பச்சை அட்டையை நீட்டி, "சைன், சைன்"னு சொல்லுது. நான் தலையை ஆட்டினேன். அது சிரிச்சுக்கிட்டே என் விரலைக் காட்டி, அட்டையைக் காட்டி, மறுபடி சொல்லுது. "நோ"ன்னு சொன்னேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல அந்த வார்த்தை நல்லா வரும். அது கவர் மேல ஏதோ கிறுக்கிட்டுத் திரும்பிப் போயிருச்சு.

ராத்திரிச் சாப்பாட்டில நான் அதைப் பெருமையா சொன்னேன்.

"யாரோ கவரைக் கொண்டாந்து என்னை ஏமாத்தப் பார்த்துச்சு சாந்தி. நான் போடல."

"நல்லது மாமி. கண்டதில போடாதீங்க"ன்னு சாந்தியும் சொல்லிட்டா.

ஷாலினி மட்டும் போனைப் பார்த்துக்கிட்டே, "அப்பாயி, பாவம் அந்த ஆன்ட்டி, நீ பயமுறுத்திட்டே"ன்னு சொல்லிச்சு. அவளுக்கு நீ, நீங்க ரெண்டும் ஒண்ணுதான். நான் திருத்துறதை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு.

பத்து நாள் கழிச்சு லோயர் பொண்ணு சாந்திக்குப் போன் பண்ணிச்சு. நீங்க கவரை வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டதால உங்களுக்கு இதில விருப்பம் இல்லைன்னு நினைச்சேன், அப்பிடித்தானான்னு கேட்டுச்சு. பச்சை அட்டை கவர் கிடைச்சதுக்குச் சாட்சியாம். அந்தக் கவர்ல தீர்ப்போட நகலும், மேல் கோர்ட்டுக்காகப் பாலன் போட வேண்டிய தாளோட நகலும் இருந்திருக்கு. அசல் தாளை ஜெயிலுக்கே அனுப்பி வச்சிருக்கு. அவன்கிட்ட இருந்து பதில் இல்லை.

சாந்தி போனை வச்சிட்டு என்னைப் பார்த்தா. திட்டியிருந்தா பரவாயில்லை. "பதினாறு நாள் போயிருச்சு மாமி"ன்னு மட்டும் சொன்னா.

ஷாலினிகிட்ட, "கேஸைத் தள்ளுபடி பண்ணிட்டாங்களாம்"ன்னு சொன்னேன். "தள்ளுபடின்னா சேல் தானே? சேலைக்கடை விளம்பரத்தில வருமே"ன்னு கேட்டுச்சு. சிரிக்க வேண்டிய பேச்சு. யாரும் சிரிக்கல.

4

எங்க வீட்டில ஒரு சட்டம் இருந்துச்சு. படிச்சுத் தெரிஞ்சுக்காத காகிதத்தில கை வைக்காதே. கையெழுத்தும் கூடாது, கைநாட்டும் கூடாது. அஞ்சு பிள்ளைக்கும் நான் சோத்தோட சேர்த்து ஊட்டினது அதுதான். காரணமா ஒரு கதையும் சொல்லுவேன்.

என் அப்பா படிக்காதவர். எனக்குப் பதினெட்டு வயசு இருக்கிறப்ப பெரட்டுக் களத்துக்கு ஒரு ஆளு காகிதக் கட்டோட வந்தார். அப்பா என்ன ஏதுன்னு யார்கிட்டயும் கேக்காம ஒண்ணில பெருவிரலை உருட்டி வச்சிட்டார். அது இந்தியாவுக்குப் போறோம்னு எழுதிக் குடுக்கிற காகிதம். சில வருஷம் கழிச்சு, கிளம்புங்கன்னு கடுதாசி வந்துச்சு. அதுக்குள்ள எனக்குக் கல்யாணம் ஆகி நான் புருசன் வீட்டுக் கணக்கில வந்துட்டேன். அப்பா, அம்மா, தம்பி மூணு பேரையும் ஹட்டன் ஸ்டேஷன்ல கோச்சி ஏத்தி விட்டோம். அப்புறம் கப்பல்ல போய் ராமேஸ்வரத்தில இறங்கி, கோத்தகிரிப் பக்கம் மறுபடி தேயிலைதான். அப்பா அங்கயே செத்தார். மூஞ்சியைப் பார்க்கல. அம்மாவையும் பார்க்கல. தம்பி இருக்கான், மாசத்துக்கு ஒரு தரம் போன்ல பேசுவோம்.

"ஒரு விரலை வச்சதால வந்த வினை, உங்க தாத்தா அவசரப்பட்டுட்டார்"னு சொல்லி முடிப்பேன். பாலன் சின்னதில, "தாத்தாவுக்கு மூளையே இல்லையாம்மா?"ன்னு கேப்பான். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

பாலன் இந்தச் சட்டத்தை ஒரு தரம் மீறினான். அந்தக் கார் கேஸ்ல. அப்ப இருந்த லோயர், "குத்தத்தை ஒத்துக்கிட்டு இதில போடு, மூணு வருஷத்தில வந்துரலாம்"னு சொல்லியிருக்கார். படிக்காமப் போட்டான். ஜட்ஜ் ஏழு குடுத்தார். அதுக்கு அப்புறம் அவன் யார் பேனா நீட்டினாலும் தொடுறதில்லை. இப்ப தெரியுதா, அந்தக் காய்ச்சல்ல ஏன் தாளைத் தள்ளினான்னு.

5

அந்த வாரம் அவன் போன் எடுத்தப்ப நான்தான் பேசினேன். ஜெயில்ல இருந்து அவங்க எடுத்தாத்தான் பேச முடியும், நாங்க அவனுக்கு எடுக்க முடியாது.

"தம்பி, லோயர் பொண்ணு அனுப்பின தாள் வந்துச்சா?"

"வந்துச்சு."

"போட்டு அனுப்பினியா?"

"சாந்திக்கு இன்னும் இடுப்பு வலியா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"விடுங்கம்மா. போன விரல் வரப் போறதில்லை."

"போனது ரெண்டு. இன்னும் மூணு இருக்கு."

பின்னால யாரோ கத்துற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் லைன் போயிருச்சு. நேரம் முடிஞ்சு போச்சா, அவனே வச்சானா தெரியாது.

சாந்தி சொன்னா, "நேர்ல போய்ச் சொல்லுவோம் மாமி." லோயர் பொண்ணு ஒரு தரம் நேர்ல போய்ப் பார்த்திருக்கு. அவன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்தானாம். அவன் சார்பா தான் போடலாமான்னு பார்த்திருக்கு, அதுக்கும் அவன் கையெழுத்து வேணுமாம்.

ஜெயில்ல சனி, ஞாயிறுதான் பார்க்க விடுவாங்க. பத்தொம்பதாவது நாள் சனிக்கிழமை. மூணு மணி நேரம் காரில போனோம். வாசல்ல, இன்னைக்கு உள்ள ஏதோ சண்டை, எல்லாரையும் பூட்டி வச்சிருக்கு, யாரையும் பார்க்க முடியாது, நாளைக்கும் முடியாதுன்னு சொல்லிட்டாங்க. காரை நிறுத்துற இடத்தில உக்காந்து, கொண்டு போன ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் நாங்களே தின்னோம். எனக்கு அந்தத் தபால்காரப் பொம்பள நீட்டின பச்சை அட்டைதான் கண்ணுக்குள்ள நின்னுச்சு.

அடுத்த சனிக்கிழமை இருபத்தாறாவது நாள். அந்த சனி ஞாயிறை விட்டா வேற நாள் இல்லை. புதன்கிழமை முப்பது.

வியாழக்கிழமை ஷாலினியைக் கூப்பிட்டு, சாந்தி போன்ல இருந்த அந்தத் தாள் நகலைக் காட்டி, "இதில என்ன எழுதியிருக்கு?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணுமில்லை அப்பாயி. மூணு வரி."

"ஒண்ணுமில்லாததுக்கு மூணு வரி எதுக்கு? படி."

படிச்சுது. தமிழ்ல சொல்லச் சொன்னேன். தடுமாறிச்சு. ஆனா அர்த்தம் இருந்துச்சு.

"சனிக்கிழமை நீ வந்து உங்க அப்பாகிட்ட இதைச் சொல்லுவியா?"

அவ ஒரு வருஷமா அவனைப் பார்க்கப் போகல. பள்ளிக்கூடத்தில அப்பா கப்பல்ல வேலைன்னு சொல்லி வச்சிருக்கா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. காதில இருந்து பாட்டுக் கேக்கிற குமிழைக் கழட்டிட்டு நகத்தைப் பார்த்தா.

"உள்ள பேப்பர் கொண்டு போக விட மாட்டாங்க."

"அப்ப பாடமாக்கு."

"தமிழ்லயா?"

"அவன் பயப்படுறது இங்கிலீஷுக்கு. அப்ப எந்த பாஷையில சொல்லுவே?"

6

ஒரு தரத்துக்கு ரெண்டு பேரைத்தான் உள்ள விடுவாங்க. "நான் போனா அழுதுட்டு வந்துருவேன், நீங்க போங்க"ன்னு சாந்தி காருல இருந்துக்கிட்டா.

மெஷினுக்குள்ள நடந்தா என் சேலை ஊக்கு கத்துது. ஒண்ணைக் கழட்டினேன். மறுபடி கத்துது. மொத்தம் நாலு ஊக்கு. அந்தக் காவல்காரப் பொண்ணு ஒரு தட்டில போடச் சொல்லிச்சு. ஊக்கு இல்லாத சேலையைக் கையால பிடிச்சுக்கிட்டே உள்ள போனேன். மடியில முடிஞ்சிருந்த திருநீறையும் வாங்கி வச்சிக்கிட்டாங்க.

பாலன் ஒரு கம்பை ஊனிக்கிட்டு வந்தான். எனக்கு முன்னால ஷாலினியைத்தான் பார்த்தான். அவ அவன் காலைப் பார்த்தா. மேசையில எல்லார் கையும் மேல தெரியணும், அது அங்க சட்டம். ஆறு கையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம்.

"வளர்ந்துட்டே"ன்னு சொன்னான்.

"ஆமா"ன்னு சொன்னா.

"அம்மா, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். தாளை என்ன செஞ்சே?"

"மெத்தைக்கு அடியில கெடக்கு."

"ஏன் போடல?"

"போடாதேன்னு சொல்லி வளர்த்தது நீங்க. இப்ப ஏன் போடலன்னு கேக்கிறதும் நீங்க." குரலை ஒசத்தல. அப்பிடிப் பேசினாத்தான் எனக்கு ரொம்பப் பயம். "கோர்ட்டுத் தாள்ல ரெண்டு தரம் போட்டேன்மா. முத தரம் போட்டதுக்கு ஏழு வருஷம். ரெண்டாந்தரம் போட்டதை ஜட்ஜ் தூக்கிப் போட்டுட்டார். மூணாந்தரம் போட்டா என்ன வரும்? என்னை உள்ள வச்சு அவங்க கேள்வி கேப்பாங்க, இருக்கிற நாலு வருஷம் ஆறு வருஷம் ஆகும். அந்தத் தாள்ல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்"ன்னு ஷாலினி சொன்னா.

கையை மேசையில வச்சபடியே, பள்ளிக்கூடத்தில பாட்டு ஒப்பிக்கிற மாதிரி நிமிர்ந்து உக்காந்தா.

"ஒண்ணு. நான், பாலன், இந்தக் கேஸ் போட்ட ஆளு. ரெண்டு. ஜட்ஜ் இந்தக் கேஸை வேண்டாம்னு எழுதினது சரியில்லைன்னு நினைக்கிறேன். மூணு. அதை மேல இருக்கிற கோர்ட்டு பார்க்கணும்னு கேக்கிறேன். அதுக்குக் கீழ உங்க பேரு, தேதி. அவ்வளவுதான்பா."

"குத்தத்தை ஒத்துக்கிறேன்னு எங்கயாச்சும் இருக்கா?"

"இல்லை."

"சின்ன எழுத்தில? அடியில?"

"அடியில பக்க நம்பர்தான் இருக்கு."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் படிச்சேன்."

"முழுசாவா?"

"முழுசா. ரெண்டு தரம். புரியாத ரெண்டு வார்த்தையை லோயர்கிட்ட கேட்டேன்."

அவன் அவளையே பார்த்துக்கிட்டு இருந்தான். நம்பலாமா வேண்டாமான்னு பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரிஞ்ச பார்வை. அப்பாவும் என்னை அப்பிடித்தான் பார்த்தார்.

ஊருல ஒருத்தருக்கும் சொல்லாததை, காவல்காரர் நடந்துக்கிட்டு இருக்கிற அந்த ஹோல்ல சொன்னேன்.

"தம்பி, உங்க தாத்தா கைநாட்டுக் கதை நான் சொன்ன மாதிரி இல்லை."

"என்ன?"

"அவர் அவசரப்படல. களத்தில எல்லார் முன்னாலயும் வைக்கச் சொன்னப்ப, 'என் மக படிச்சவ, காட்டிட்டு வர்றேன்'னு சொல்லிட்டுக் காகிதத்தை லயத்துக்குக் கொண்டாந்தார். என் கையில குடுத்து, 'என்ன எழுதியிருக்கு பாரு புள்ள'ன்னு கேட்டார். அது இங்கிலீஷ்ல அச்சடிச்சது. எனக்கு ஏ, பி, சி மட்டும்தான் தெரியும். தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. மூணாம் வகுப்புன்னு அவ்வளவு பெருமை பேசித் திரிஞ்சவ. விரலை வச்சு வரி வரியா ஓட்டினேன், உதட்டை அசைச்சேன். 'அரிசிக் கூப்பனுக்குத்தாம்பா, வைக்கலாம்'னு சொன்னேன்."

ஷாலினிக்கு எவ்வளவு புரிஞ்சுதோ தெரியல.

"தாத்தா என்னைப் பார்த்தார். 'நல்லாப் படிச்சியா'ன்னு கேட்டார். 'படிச்சேன்'னு சொன்னேன். திரும்பிப் போய் வச்சார். அவர் வைக்கிறதைப் பார்த்துட்டு இன்னும் மூணு வீட்டு ஆளுங்க வச்சாங்க. பின்னாடி கடுதாசி வந்தப்ப அந்த வீட்டு ஆளுங்க எங்க இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்து, 'உன் மக பார்த்துத்தானே வச்சே'ன்னு சண்டைக்கு நின்னாங்க. தாத்தா, 'அதுகிட்ட நான் காட்டவே இல்லை, நான்தான் கேக்காம வச்சேன்'னு சொல்லிட்டார். நான் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்தேன். அப்ப சொல்லல. கோச்சி ஏறுறப்பவும் சொல்லல. அவர் எனக்காகச் சொன்ன பொய்யை எடுத்து உங்களுக்குப் பாடமாச் சொல்லி வச்சேன்."

பாலன் மேசையைப் பார்த்துக்கிட்டு இருந்தான்.

"தாத்தாவை நான் மூளை இல்லாதவர்னு சொல்லுவேன். நீங்க கேட்டுக்கிட்டு இருப்பீங்க."

"ஆமா."

"இவ்வளவு வருஷமாவா?"

"ஆமாடா."

அவன் மூச்சு விடுறது மட்டும் கேட்டுச்சு. கோவமா அழுகையான்னு தெரியல. பெத்தவளுக்கே தெரியல. காவல்காரர் கையைத் தூக்கி, இன்னும் அஞ்சு நிமிசம்னு காட்டினார்.

"கோத்தகிரி மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அந்த மூணு வீட்டுக்கும்?"

"தெரியாது."

"சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"போன்ல இல்லை. போன்ல நீங்க வேற எங்கயாச்சும் போயிருவீங்க. எழுதுங்க. எழுதி உங்க பேரைக் கீழ போடுங்க."

"போடுறேன்."

"நீங்க போடுறதா இருந்தா நானும் போடுறேன்."

என் மகன்கிட்ட பேரம் பேசிப் பழக்கம் இல்லை. ஆனா அன்னைக்கு நான் தலையை ஆட்டினேன். அவன் ஷாலினி பக்கம் திரும்பி, "அந்த மூணையும் மறுபடி சொல்லு. உள்ள போய்த் தாளோட ஒத்துப் பார்க்கணும்"ன்னு சொன்னான். அவ சொன்னா. அவன் விரலை மடிச்சுக்கிட்டே கேட்டான். ரெண்டாவதில அவ கொஞ்சம் மாத்திச் சொல்லிட்டா போல. "முன்ன வேற மாதிரி சொன்னே"ன்னு நிறுத்தினான். திருப்பிச் சரியாச் சொன்னா. அவன் எழுந்திரிக்கிறப்ப, "வர்றேன்பா, அடுத்த வாரமும்"ன்னு சொன்னா. அவன் கம்பை ஊனிக்கிட்டு நடந்தான்.

வெளியில வந்து ஊக்கெல்லாம் குத்திக்கிட்டேன். ரெண்டு தரம் விரல்ல குத்திக்கிட்டேன்.

7

ஞாயிறு போன் வரல. திங்கள் வரல. சாந்தி வேலைக்குப் போகாம போனை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. செவ்வாய்க்கிழமை நான் சமைக்கல. சாயங்காலம் ஒரு நிமிசம் பேசினான்.

"ஒத்துப் பார்த்தேன். அவ சொன்ன மாதிரிதான் இருக்கு. காலையில போட்டுக் குடுத்துட்டேன்."

இங்க ஒரு நல்ல சட்டம் இருக்கு. கைதி கவரை உள்ள காவல்காரர் கையில குடுத்த நாளே கோர்ட்டுக்குக் குடுத்த நாளாம். அது எப்பப் போய்ச் சேர்ந்தாலும் சரியாம். இருபத்தொம்பதாவது நாள். லோயர் பொண்ணு அதைச் சொன்னப்ப சாந்தி தரையில உக்காந்துட்டா.

மேல் கோர்ட்டுல இருந்து ஒரு நம்பர் குடுத்து எழுதியிருக்காங்க. ஜெயிக்குமா தெரியாது. லோயர் பொண்ணு பொய் சொல்லாது. பாதிக்குப் பாதின்னு கூடச் சொல்ல முடியாதுன்னு சொல்லிச்சு. அது எழுதப் போறது இதுதானாம்: காய்ச்சல்ல கிடக்கிற ஆளுக்குப் படிச்சுக் காட்டாம ஒரு தாளை நீட்டினா, அது குறை சொல்ல வழி விட்டதா ஆகாது. ஒரு வருஷம் ஆகலாம், கூடவும் ஆகலாம். இப்ப வாரத்துக்கு ஒரு தரம் காலைப் பார்க்கிறாங்களாம். மூணு விரல் இருக்கு.

பாலன் அவன் சொன்னதைச் செஞ்சுட்டான். இது நான் சொன்னது. மேக்கணக்கில எங்க லயத்துக்கு எதிர்ல இருந்த மூணு வீட்டில, என்னை மாதிரி போகாமத் தங்கிட்டவங்க வழிப் பேரன் பேத்திங்க இன்னும் பூண்டுலோயாவிலயும் கினிகத்தேனையிலயும் இருக்கீங்க. உங்க பெரியவங்க என் அப்பா விரலைப் பார்த்து வச்சாங்க. என் அப்பா என் வாயைப் பார்த்து வச்சார். நான் எதையும் படிக்கல. கோத்தகிரியில இருக்கிற என் தம்பிக்கும் இதோட ஒரு நகலை அனுப்புறேன். அவன் இனி மாசா மாசம் பேசுவானா மாட்டானா, அது அவன் இஷ்டம்.

இதை எழுத எனக்குப் பதினோரு நாள் ஆச்சு. ஷாலினி கோயில் வகுப்பில தமிழ் எழுத்துப் படிச்சிருக்கா, எழுத்துக் கூட்டித்தான் படிப்பா. அது போதும். ஷாலினி, போனை அங்க வச்சிட்டு வா. இப்பிடி உக்காரு. எழுதினதை எழுதின மாதிரியே சத்தமாப் படி, எதையும் தாண்டாதே. எங்கயாச்சும் என் தப்பை நான் சின்னதா எழுதியிருக்கேன்னு உனக்குப் பட்டா நிறுத்திச் சொல்லு, பெருசா எழுதிட்டு, அப்புறம் பேர் போடுறேன்.